பலகையைக் கொல்லும் நாள்

ரோகிணியின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. டீ டம்ளரைப் பிடிக்கும்போது அந்த இரண்டும் விறைத்துக்கொண்டு தனியாக நிற்கும். ஷெட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று முழிப்பார்கள். தாராளமாகக் கேட்கலாம். "பீரோக் கதவுங்க" என்று அவளே சொல்லிவிடுவாள். பீரோக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. சாத்தியவன் அவள் புருஷன், பெயர் சுதர்சன். அந்தப் பெயரை எந்த நடுத்தெருவிலும் நின்று உரக்கச் சொல்வேன், எனக்கென்ன பயம்.

நான் ஆக்னஸ். அப்பா ஹைதராபாத்தில் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கே குவார்ட்டர்ஸில்தான். களிமண்ணை அடித்துப் பிசைந்து உருவம் செய்கிறவள். ஷெட் என்று நான் சொல்வது மாரெட்பள்ளியில் நாங்கள் பதினோரு கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் கேலரி. ஒரு பழைய கார் ஷெட், பின்னால் இரண்டு அறை, அவ்வளவுதான். முதலாளி என்று ஒருவர் கிடையாது. பெருக்குவதிலிருந்து பில் போடுவது வரை ஆளுக்கொரு நாள் முறை. கல்யாணப் பட்டு விலைக்குப் படம் விற்கும் ஏசி கடைகள் ஊருக்குள் நிறைய இருக்கின்றன, வேண்டியவர்கள் அங்கே போகட்டும். எங்களிடம் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டு வருகிற காசுக்கு ஒரு படம் வாங்கிக்கொண்டு போகலாம்.

அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், பலகை அச்சு. ஒரு மரப்பலகையில் உளியால் படத்தைச் செதுக்கி, மை தடவி, மேலே காகிதம் வைத்து மெஷினில் உருட்டினால் படம் காகிதத்தில் இறங்கிவிடும். ஒரு பலகையில் இருபத்தைந்து பிரதிகள் எடுப்போம். எல்லாமே அசல்தான், ஒரு பலகையின் உழைப்பை இருபத்தைந்து பேர் பங்கிட்டுக்கொள்வதால்தான் விலை குறைவு. அதற்கு மேல் ஒரு பிரதிகூட எடுப்பதில்லை என்பது வாங்குகிறவர்களுக்கு நாங்கள் கொடுத்திருக்கும் வாக்கு.

அந்த வாக்குக்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடைசிப் பிரதியும் விற்றுவிட்டால், ஒரு ஞாயிறு காலையில் வாங்கினவர்களை எல்லாம் கூப்பிடுவோம். அவர்கள் கண்முன்னால், செதுக்கினவரே உளியை எடுத்துப் பலகையைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் பாழாக்க வேண்டும். வெட்டுப்பட்ட பலகையிலிருந்து ஒரே ஒரு தாள் அடித்து, அடியில் 'கொன்றவர்' என்று எழுதி, வெட்டினவர் பெயரைப் பென்சிலில் போட்டுச் சுவரில் ஒட்டுவோம். பலகையைக் கொல்லும் நாள் என்று அதற்குப் பெயர். டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் உண்டு. பெயர்தான் பயங்கரமாக இருக்குமே தவிர, சங்கக் கூட்டங்களைத் தவிர வேறெங்கும் நாங்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதில்லை.

ரோகிணி முதலில் படம் வாங்கத்தான் வந்தாள். அன்றைக்கு என் முறை. சுற்றிலும் அத்தனை படம் தொங்குகிறது, எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம் இருந்தால் போதும், என்ன படமாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஜன்னலுக்குக் கர்ட்டன் வாங்குகிறாயா என்று கேட்டுவிட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டிப் படத்தைக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் மறுபடி வந்தாள், வேறு அளவு. அதற்குப் பிறகு வந்தபோது, சின்னதாகப் போதும், முழங்கால் உயரத்தில் மாட்டுவதற்கு என்றாள்.

"முழங்கால் உயரத்துல யாரும்மா படம் மாட்டுவாங்க? பூனைக்கா?" என்றேன்.

"சுவத்துல காரை பேந்துருச்சுங்க்கா. அத மறைக்கத்தான்."

எப்படிப் பெயர்ந்தது என்று கேட்டேன். முதல் தடவை புருஷன் எறிந்த குக்கர். இரண்டாம் தடவை இஸ்திரிப் பெட்டி. இதற்கு என்ன என்றேன். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலையைத் தொட்டுக் காட்டினாள். தரையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவளின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறான். அதனால்தான் முழங்கால் உயரம். நான் சொன்ன பூனைக் கிண்டலை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. பாட்டனி படித்தவள். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ரெக்கார்டு நோட்டில் வேரும் இலையும் வரைந்து கொடுத்தது அவள்தான். கல்யாணமாகி நேராக ஹைதராபாத். சுதர்சன் மத்திய அரசின் ராணுவத் தளவாடக் கம்பெனி ஒன்றில் அதிகாரி. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சனிக்கிழமை தவறாமல் கோயில், எப்போதும் வெள்ளைச் சட்டை. முதல் மாதமே, அம்மாவிடம் ஃபோனில் சிரித்துப் பேசியதற்காக ஓங்கி அறைந்தான். பிறகு குழம்பில் உப்புக்கு, துணி மடிப்புக்கு, பதில் சொன்னதற்கு, பதில் சொல்லாததற்கு. வயிற்றில் வந்தது தங்கவில்லை. டாக்டரிடம் அவன் மாடிப்படி மேல் பழியைப் போட்டான். ஊரில் அம்மா, ஆம்பளை அப்படித்தான், அனுசரித்துப் போ என்று சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் படங்கள் கூடிக்கொண்டே போயின. வந்துபோகிறவர்கள், சுதர்சன் வீட்டில் என்ன ரசனை என்று மெச்சினார்களாம். உள்ளூர் ஆர்ட்டிஸ்ட்டுகளை நாம்தானே ஆதரிக்க வேண்டும் என்று அவன் பெருமை வேறு அடித்துக்கொண்டானாம். எங்கள் படங்கள் தொங்கியதெல்லாம் அவன் அடித்த ஓட்டைகளுக்கு மேல்.

உன் வீட்டுச் சுவரை மறைக்க இனிமேல் நீயே வரைந்துகொள் என்று சொல்லித்தான் அவள் கையில் உளியைக் கொடுத்தேன். வீட்டில் ஹிந்தி வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். காய்கறிக்காரனிடம் பேசத் தெரியாத மனைவி சுதர்சனுக்கு மானக்கேடு, அதனால் விட்டுவிட்டான். ஒரு வருஷ ஹிந்தி வகுப்பில் 'நக்கோ', அதாவது வேண்டாம், என்ற ஒரு வார்த்தையைத்தான் அவள் கற்றாள்.

செதுக்கக் கற்றுக்கொடுத்தது அப்துல் ரஹீம். எங்கள் அச்சு மெஷினைப் பார்த்துக்கொள்கிற மனிதர். மல்லாபூர் லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்த மெஷின் அது, அவரைத் தவிர யார் சொன்னாலும் கேட்காது. அவர் பேசும் உருது அவளுக்குப் புரியவில்லை. அதனால் தன் இடது உள்ளங்கையை விரித்து அங்கிருந்த பழைய தழும்பைக் காட்டினார். உளி போகிற வழியில் இன்னொரு கையை வைக்கக் கூடாது, அதுதான் முதல் பாடம். அவள் தலையாட்டிவிட்டுப் பலகையில் குனிந்தாள். செதுக்குவதைப் பார்த்தால் செதுக்குவது போலவே இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவாள், கீறுவாள், சிலாம்பு சிலாம்பாகப் பிய்த்து எறிவாள். வீட்டில் குரல் உயர்த்த முடியாததை எல்லாம் அந்த மரத்தில் தீர்த்துக்கொண்டாள்.

அவளுடைய முதல் பலகை ஓர் ஆணின் முகம். தரையில் விழுந்து கிடக்கிறவள் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற முகம்: பெரிய தாடை, மூக்குத் துவாரம், அதற்கு மேலே சின்னதாகக் கண்கள், ஓங்கிய கை. 'கீழேயிருந்து' என்று பெயர் வைத்தாள். வழக்கமான சண்டைக்குப் பிறகு சங்கம் ஒத்துக்கொண்டது. பிரதிகள் விற்ற வேகம் எங்களுக்கே ஆச்சரியம். பாங்க் வேலைக்காரர்கள், டீச்சர்கள், ஒரு பல் டாக்டர், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த சின்னப் பையன்கள் என்று எல்லோரும் வாங்கினார்கள். மாரெட்பள்ளியில் குடியிருக்கும் சௌந்தரராஜன் என்கிற பெரிய அதிகாரியும் ஒன்று வாங்கினார். அவர் சுதர்சனின் மேலதிகாரி என்பது அப்போது எனக்கும் தெரியாது, ரோகிணிக்கும் தெரியாது.

சௌந்தரராஜன் வீட்டில் பேத்திக்குப் பிறந்தநாள். சுதர்சன் தனியாகப் போயிருந்தான். சோஃபாவுக்கு மேல் தன்னுடைய முகமே தொங்குவதைப் பார்த்தான். சௌந்தரராஜன் விளையாட்டாக, உங்கள் ஜாடை அடிக்கிறதே சுதர்சன் என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவன் கிட்டே போய்ப் பார்த்தால் அடியில் பென்சிலில் ரோகிணியின் கையெழுத்து. சிரித்த முகம் மாறாமல், என் மனைவிக்கு இந்த மாதிரிப் படம் என்றால் உயிர், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அந்த நல்ல மனிதர் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் கதவைத் தாழிட்டான். படத்தை அவள் எதிரிலேயே கிழித்தான். கிழித்ததை உருட்டி அவள் வாயைத் திறந்து திணித்தான். "என்ற மூஞ்சிய ஊரெல்லாம் காட்டறயாடி? இப்பக் காட்டு. முழுங்கு" என்றான். கிழித்ததோடு படம் ஒழிந்தது என்றுதான் நினைத்தான். ஒரு வருஷமாக வீடு நிறையப் பலகை அச்சுப் படங்களை மாட்டி வைத்துப் பெருமை பேசினானே, அது என்ன சங்கதி என்று ஒரு நாளாவது கேட்டிருப்பானா? ரோகிணி வாயிலிருந்த காகிதத்தைத் துப்பிவிட்டு, அவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இன்னும் நெறைய இருக்குதுங்க."

அப்போதுதான் அவள் வலது கையை இழுத்துப் பீரோவின் இடுக்கில் வைத்துக் கதவை உதைத்தான். ஒரு தடவை அல்ல.

காலையில் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தே ஷெட்டுக்கு வந்தாள். துண்டு முழுக்க ரத்தம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு. இது வீட்டுச் சண்டை, பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தமிழ், தெலுங்கு, உருது என்று எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கத்தினேன். அம்மா, அந்த பெஞ்சில் உட்காருங்கள் என்றார்கள். அன்றிலிருந்து ரோகிணி லாலாகுடாவில் என் வீட்டில்.

அவன் சும்மா இருக்கவில்லை. வாங்கினவர்கள் சுவரில் மாட்டிப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனான், சௌந்தரராஜன் வீடு ஒன்றைத் தவிர. என் மனைவிக்கு மனநிலை சரியில்லை, படத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். மிரட்ட வேண்டிய இடத்தில் மிரட்டினான். பல் டாக்டர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். ஆனால் சில பேர் கொடுத்துவிட்டார்கள். நமக்கு எதற்கு வம்பு என்று சுவரிலிருந்து கழற்றி அவன் கையிலேயே கொடுத்த அந்த மகராசன்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லாவற்றையும் மொட்டை மாடியில் போட்டுக் கொளுத்தினான்.

பலகை என்று ஒன்று இருப்பதும் அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஷெட்டுக்கு வந்து பலகையைக் கொடு என்று கத்தி, கண்ணாடிக் கதவைச் செருப்புக் காலால் உதைத்து நொறுக்கினான். பிசைந்து வைத்திருந்த களிமண் உருண்டையைத் தூக்கி அவன் மார்பில் எறிந்தேன். வெள்ளைச் சட்டை நாறிப்போய்த்தான் திரும்பினான். இரண்டு நாள் கழித்து ரோகிணியின் அம்மா மூலமாகச் சேதி வந்தது. பலகை கைக்கு வந்தால் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுவானாம். வராவிட்டால் மறு கை.

சங்கம் கூடியது. கடைசிப் பிரதியும் விற்றாகிவிட்டது, வழக்கப்படி பலகையைக் கொல்ல வேண்டும். கொன்றால் அவன் கேட்டதை நாங்களே செய்து கொடுத்தது போலாகும். கொல்லாவிட்டால் வாங்கினவர்களிடம் எங்கள் வாக்கு போயிற்று. நாற்காலி பறக்காத குறை. ரோகிணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"கொல்லலாங்க. சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா என்ற பலகைய நாந்தான் கொல்லோணும். அவரு கேட்டாருன்னு எடுத்துக் குடுக்க மாட்டேன்."

உன் கையால் உளியைப் பிடிக்கவே முடியாதே, நான் வெட்டுகிறேன் என்று ரஹீம் சொன்னார். "நக்கோ" என்றாள். கட்டுப் பிரிக்கும் வரை நாள் கேட்டாள். பிரித்தபோது இரண்டு விரல்கள் விறைத்துத்தான் நின்றன. என் வீட்டு வாசலில் உட்கார்ந்து துண்டு மரங்களில் இடது கையால் பழகினாள். கோணல்மாணலாகப் போகும், வழுக்கும், மறுபடி முதலிலிருந்து குத்துவாள். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு பலகைதான். தானாகச் செய்தது அது ஒன்றுதான், அதன் முடிவும் தன் கையில்தான் இருக்க வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட் நிறைந்துவிட்டது. படத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள்கூடச் சில பேர் வெட்கமில்லாமல் வந்து பிஸ்கட் தின்றார்கள். சௌந்தரராஜனையும் அவர் மனைவியையும் முன் வரிசையில் உட்கார வைத்தேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் வேண்டுமென்றே வற்புறுத்தி வரவழைத்தேன், இவர்களுக்கும் தெரியட்டும் என்று.

ரோகிணி பலகையை மேஜையில் வைத்தாள். இடது கையில் உளி. முதல் வெட்டுக்கு உளியை ஊன்றியபோது வாசலில் சத்தம். பலகை வெளியே வருகிற நாள் என்று மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சுதர்சன் வந்தான். குறுக்கே போன என்னை முழங்கையால் முகத்தில் இடித்தான். என் முன்பல் ஒன்று அங்கேயே விழுந்தது. ரோகிணியின் கையை முறுக்கி உளியைப் பிடுங்கி, அவளைச் சுவரில் தள்ளிவிட்டு, பலகை மேல் பாய்ந்தான். தாடையில் ஒரு குத்து. கண்ணில் ஒரு குத்து. தன்னுடைய முகத்தையே குத்திக் குத்திக் கிழித்தான். மரத்தூள் பறந்தது. ரஹீம் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார், நான் வாயில் ரத்தத்தோடு அவன் முடியைப் பிடித்துத் தொங்கினேன். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டே குத்தினான். பலகை நகரக் கூடாதென்று இடது கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டான், உளி போகிற வழியிலேயே. அவனுக்கு யார் முதல் பாடம் சொன்னார்கள்? உளி வழுக்கி அவன் உள்ளங்கைக்குள் முக்கால்வாசி இறங்கியது.

அலறிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். பலகை முழுக்க ரத்தம். ஆனாலும் அவன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. "முடிஞ்சுது. இனி ஒரு படம் அடிக்க முடியாதுடி உன்னால" என்றான். பிறகுதான் தலையைத் தூக்கினான். எதிரே சௌந்தரராஜன். அவர் தரையில் கிடந்தவனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ரோகிணியின் விறைத்த விரல்களைப் பார்த்தார். அவருக்கு ஒருவரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரோகிணி சுவரைப் பிடித்து எழுந்தாள். பலகையை மெஷினுக்கு எடுத்துப் போனாள். ரத்தத்தைத் துடைக்கவில்லை. இடது கையால் உருளையைப் பிடித்து அதன் மேலேயே மையைத் தடவினாள். காகிதத்தை வைத்தாள். ரஹீம் சக்கரத்தைச் சுற்றினார். அவள் தாளை உரித்து எடுத்தாள். அதே முகம்தான். ஆனால் தாடை பிளந்து, ஒரு கண் பெயர்ந்து, நெற்றியிலிருந்து கழுத்து வரை வெள்ளை வெள்ளையாக வெட்டுகள். அவள் செதுக்கியதைவிட இது அவனுக்கு நூறு மடங்கு பொருத்தமாக இருந்தது.

வழக்கப்படி நான் பென்சிலை நீட்டினேன். 'கொன்றவர்' என்று எழுத வேண்டிய இடம். பென்சிலை வாங்கித் தாளின் மேல் குனிந்தாள். பிறகு இடது கையால், குழந்தை எழுதுவது போலக் கோணல் எழுத்தில் எழுதினாள்: கொல்ல வந்தவர் சுதர்சன்.

அவன் தரையில் இருந்தபடியே, அதைக் கிழித்துப் போடு என்று கத்தினான்.

"கிழிச்சுக்குங்க" என்று தாளை அவன் முன்னால் போட்டாள். "பலகை இங்கதான் இருக்குது. நான் இன்னும் கொல்லலீங்க."

பழைய படத்தில் ஒரு பிரதிகூட இனி எடுக்க முடியாது, எங்கள் வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. இது புதுப் படம். இதற்குப் புதிதாக இருபத்தைந்து பிரதிகள். சங்கம் அங்கேயே, எல்லோரும் பார்க்க, ஒரு சண்டையும் இல்லாமல் ஒத்துக்கொண்டது. எங்கள் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. சௌந்தரராஜன் எழுந்து வந்தார்.

"மொதல் பிரதி எனக்கும்மா. அதே இடத்துல மாட்டணும்" என்றார்.

அத்தனை பேர் கண்ணால் பார்த்த பிறகு, ஸ்டேஷனில் யாரும் வீட்டுச் சண்டை என்று சொல்லவில்லை. சௌந்தரராஜன் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். வழக்கு நடக்கிறது, வாய்தா மேல் வாய்தா. ரோகிணி ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். செதுக்குவதெல்லாம் இடது கையில்தான். இப்போது அவள் படத்துக்கு ஆட்கள் பெயர் பதிந்து காத்திருக்கிறார்கள், விலையை மட்டும் ஏற்ற மாட்டேன் என்கிறாள்.

போன மாதம் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளையடித்த நான்கு சுவர், ஒரு பாய், ஒரு ஸ்டவ். குடி போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று, ஷெட்டிலிருந்து பெரிய படமாக ஒன்றைச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். ஆணியும் சுத்தியலும்கூடக் கொண்டுபோனேன். அவள் ஆசையாக வாங்கிப் பார்த்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"இப்ப வேண்டாங்க்கா. கொஞ்ச நாளைக்கு இப்பிடியே இருக்கட்டும்" என்று அந்த வெறும் சுவரை உள்ளங்கையால் தடவினாள். "இதுல மறைக்கறதுக்கு ஒன்னுமே இல்லீங்க."